தாய்மாமன் எழுதும் ஆட்சேபணை மனு

ஹாம்பர்க்

அன்புள்ள அக்காவுக்கு,

மருமகனை வரும் ஜூனில் கம்பத்தில் ப்ரீ கேஜி சேர்க்கிறீர்கள், டைக்கும் பெல்ட்டுக்கும் அளவு கொடுத்தாயிற்று, காலை ஏழரைக்கெல்லாம் சுருளிப்பட்டிக்கே வேன் வந்துவிடும் என்று எழுதியிருக்கிறாய். கழுத்தென்று தனியாக ஒன்று இன்னும் தெளிவாகப் புலப்படாத வயதில் டை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்று தெரியவில்லை. காது குத்துகிற அன்றைக்குப் பிள்ளை அழுமே என்று தாய்மாமன் மடியைக் கேட்கிறோம். அதைவிட நீளமாக அழப்போகிற காரியத்துக்கு மாமனிடம் ஒரு வார்த்தை கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்: மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்தை முந்திக் கொடுப்பதில் நீடித்த லாபம் ஒன்றும் இல்லை. அவனுக்கு வேண்டியது கவனிக்க ஆள், தாராளமாக நேரம், புரள மண். மூன்றில் இரண்டு உங்கள் தெருவிலேயே கிடைக்கின்றன. "வெளிநாட்டுக்குப் போன திமிர்" என்று மச்சான் சொல்வார். மனுவை முழுக்கப் படித்துவிட்டுச் சொல்லட்டும்.

நீங்கள் காசு கட்டி வாங்கப்போகிற கிண்டர்கார்டன் இந்த ஜெர்மன் நாட்டுச் சரக்கு. ஃபிரீட்ரிஷ் ஃப்ரோபெல் என்பவர் 1837-ல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் ஆரம்பித்து, 1840-ல் அதற்குப் பெயர் சூட்டினார். அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்தது பந்து, மரக்கட்டை, பாட்டு, செடி வளர்க்க ஒரு பாத்தி. இதையே தாங்க முடியாமல் 1851-ல் பிரஷ்ய அரசாங்கம் கிண்டர்கார்டனுக்குத் தடை போட்டது. நாத்திகமும் பொதுவுடைமையும் பரப்புகிறதாம். அவருடைய சகோதரர் மகன் கார்ல் ஃப்ரோபெலின் அரசியலைக் கொண்டுவந்து இவர் தலையில் கட்டிவிட்டார்கள். தடை நீங்க 1860 ஆயிற்று. அதற்குள் மனிதர் காலமாகிவிட்டார். அப்படித் தடை போட்ட நாட்டில் இப்போது நிலைமை தலைகீழ். ஒரு வயது முடிந்தால் காப்பகத்தில் இடம் கேட்பது 2013 ஆகஸ்ட் முதல் பிள்ளையின் சட்ட உரிமை. ஹாம்பர்க்கில் 2014 ஆகஸ்டிலிருந்து தினம் ஐந்து மணி நேரமும் மதியச் சாப்பாடும் இலவசம். அங்கே என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேட்பாய். ஆறு வயதுவரை எழுத்துப் பாடம் என்று ஒன்று கிடையாது. மூன்று வயதும் ஆறு வயதும் பெரும்பாலும் ஒரே கூட்டமாகத் திரியும். மழை பிடித்தால் ரப்பர் கால்சட்டை, ரப்பர் பூட்ஸ் மாட்டிச் சேற்றில் இறக்கி விடுகிறார்கள். சாயங்காலம் கழுவிப் பார்த்துத்தான் நம்முடைய பிள்ளையா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். சேற்றில் சோறு பொங்கி விளையாட மரத்தில் அடுப்பங்கரை செய்து கடையில் விற்கிறார்கள். வாங்க ஆள் இருக்கிறது. கொட்டாங்குச்சி என்று ஒரு பொருள் உலகத்தில் உண்டு என்கிற தகவல் இன்னும் இங்கே வந்து சேரவில்லை. பிள்ளை தன் கையால் அள்ளித் தின்னட்டும் என்பதற்குப் புத்தகம் போடுகிறார்கள், வகுப்பு எடுக்கிறார்கள். சேர்த்த முதல் சில வாரங்களுக்கு அம்மாவோ அப்பாவோ கூடவே போய் மூலையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. பிள்ளைகள் பழகிவிடுகின்றன, பெற்றவர்களைக் கிளப்புவதுதான் டீச்சர்களுக்குப் பெரும்பாடு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கொழுப்பு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் செபாஸ்டியன் சுகேட் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய பிள்ளைகளையும் ஏழு வயதில் தொடங்கிய பிள்ளைகளையும் ஒப்பிட்டு 2013-ல் எழுதினார்கள். பதினொரு வயது வரும்போது வாசிக்கிற வேகத்தில் வித்தியாசம் இல்லை. வாசித்ததைப் புரிந்துகொள்வதில் பிந்தித் தொடங்கியவர்கள் ஒரு பிடி மேலே. ஜெர்மனியில் 1970-களில், ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி முன்வகுப்பா, விளையாட்டுக் கிண்டர்கார்டனா என்று பெரிய வழக்கே நடந்தது. வட ரைன் வெஸ்ட்ஃபாலியாவில் இரண்டையும் வைத்து நடத்திப் பார்த்ததில், முன்வகுப்புப் பிள்ளைகளின் முந்தல் நிலைக்கவில்லை. அமெரிக்காவின் டென்னஸி மாநிலக் கதை இன்னும் மோசம். இடத்துக்கு மிஞ்சிய விண்ணப்பங்கள் வந்ததால் குலுக்கல் போட்டு முன்பள்ளியில் சேர்த்தார்கள். அதனால் ஒப்பீடு சுத்தமானது. சேர்ந்தவர்கள் முதலில் முந்தினார்கள். ஆறாம் வகுப்பில் பார்த்தால், இடம் கிடைக்காதவர்களைவிட மதிப்பெண்ணில் கீழே, சேட்டையில் மேலே. 2022-ல் இது வெளிவந்தபோது நடத்தியவர்களுக்கே தர்மசங்கடம். ஆகையால் நாலு வயதில் ஏ முதல் இஸட் வரை ஒப்பிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்த்து நீ தூக்கம் கெட வேண்டியதில்லை.

வெளிநாட்டுச் சாட்சி வேண்டாமென்றால் பெரியகுளத்துக்கு மேலே இருக்கிற மலையைக் கேள். மரியா மாண்டிசோரி 1939-ல் அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால், இத்தாலிக்காரர் என்று ஊர் திரும்ப விடவில்லை. போர்க்காலத்தில் சில வருஷம் கொடைக்கானலில் தங்கிப் பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துப் பாடம் நடத்தினார். பெரிய பிள்ளை சின்னதுக்குச் சொல்லித் தரும், சின்னது பார்த்துப் பழகும், வயதுக்கொரு வகுப்பு என்று பிரிக்கக் கூடாது என்பது அவர் கட்சி. அந்த அம்மாள் பெயரை போர்டில் எழுதிக்கொண்டு, எல்கேஜிக்கும் யூகேஜிக்கும் நடுவில் சுவர் எழுப்புகிற பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அவர் சொன்னபடி பல வயதும் ஒரே கூரையில் கலந்து உட்காருகிற இடம் உங்கள் தெருமுனை அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய திட்டம். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தபோது அதில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் தட்டு வைத்தார்கள். ஹாம்பர்க் 2014-ல் கண்டுபிடித்த இலவசச் சாப்பாடு!

மச்சானின் முதல் ஆட்சேபம் எனக்கு இங்கிருந்தே கேட்கிறது. "அங்கன்வாடியில் என்னத்தைச் சொல்லித் தராங்க? ஒரே ஒரு டீச்சர், ரிஜிஸ்டர் எழுதுறதுக்கே அவங்களுக்கு நேரம் பத்தல." உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் இதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே விடை உண்டு. கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் 640 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றுக்கு அரை நாள் வேலைக்குக் கூடுதலாக ஒருவரைப் போட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகளோடு செலவிடும் கற்பித்தல் நேரம் இரட்டிப்பானது. கணக்கிலும் மொழியிலும் தேறினார்கள். பழைய டீச்சருக்குக் கை ஓய்ந்ததால் சத்துக் குறைபாடும் குறைந்தது. இது என் வாதத்துக்கு எதிர் சாட்சி என்று மச்சான் குதிப்பார். நான் பாடமே ஆகாது என்று சொல்லவில்லை. அந்தச் சோதனையில் கூடுதலாகப் போனது ஓர் ஆள்; டையும் இல்லை, வேனும் இல்லை, வீட்டுப்பாட நோட்டும் இல்லை. 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் அரசே எல்கேஜி, யூகேஜி தொடங்கியதும் இதே வழியில்தான்.

"அவன் பணக்கார நாட்டுக்காரன், பிந்திப் படிச்சாலும் பிழைச்சுக்குவான், நமக்கு இங்கிலீஷ்தான் ஏணி" என்பது இரண்டாவது. இதைத்தான் நான் கனமான ஆட்சேபமாக நினைக்கிறேன். ஏணி வேண்டும், நானே அதில் ஏறி வந்தவன். ஆனால் மூன்று வயதில் மொழி வருவது யாராவது நிறையப் பேசுவதால். நாற்பது பிள்ளை ஒரே குரலில் 'ஏ ஃபார் ஆப்பிள்' என்று கத்துவதில் பேச்சு எங்கே இருக்கிறது? ஆப்பிளையே கண்ணால் பார்க்காத உங்கள் தோட்டத்தில், தலைக்கு மேலே பன்னீர் திராட்சை தொங்குகிறது. அந்தத் திராட்சையின் வெளிநாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இந்த ஊர்ப் பெயரைச் சுமக்கிற பழம் சுருளிப்பட்டியில் காய்க்கிறது, இங்கே குளிரில் எனக்கு மூக்குதான் பழுக்கிறது. அது கிடக்கட்டும். பந்தலுக்குக் கீழே நீ வேலை பார்த்துக்கொண்டே தமிழில் வளவளவென்று பேசு; இங்கிலீஷ் ஐந்து வயதுக்கு மேல் வந்து இந்தத் தமிழின் தோளில் ஏறிக்கொள்ளும். மருந்து அடிக்கிற நாட்களில் மட்டும் அவனைத் தோட்டத்துப் பக்கமே விடாதே. மண்ணில் விளையாடினால் பூச்சி விழும் என்று அம்மா சொல்வாள், விழும்தான். அதற்குத்தானே வருஷா வருஷம் அங்கன்வாடியில் அல்பென்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். கூடவே சோப்பும் செருப்பும் போதும். விஜயதசமிக்கு நெல்லில் எழுத வைப்பதையும் சாட்சிக்கு இழுப்பாள். தாராளமாகச் செய்யுங்கள். ஒரு நாள் எழுதிவிட்டுப் பிள்ளை மறுபடி விளையாடப் போய்விடும், அதுதான் அதன் அழகு. இங்கே ஆறு வயதில் முதல் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் கையில், அதன் உயரத்துக்குப் போட்டியாக ஒரு காகிதக் கூம்பில் மிட்டாயை நிரப்பிக் கொடுக்கிறார்கள். சடங்கில் நம்மைவிட அவர்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை.

இதற்கெல்லாம் அப்பால் எனக்கே விடை முழுசாகத் தெரியாத ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை மச்சான் கேட்கமாட்டார், உன் பக்கத்து வீட்டுக்காரிகள் கேட்பார்கள். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத் தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்கள் விடியுமுன் கிளம்பி, குமுளி, கம்பம் மெட்டு, போடி மெட்டு வழியாகப் போய் இருட்டித்தான் திரும்புகிறார்கள். அந்த நேரத்துக்கு அங்கன்வாடி திறந்திருக்காது. பாட்டி இருந்தால் சரி. இல்லாதவள் பிள்ளையை எங்கே விடுவாள்? ஐம்பது பெண்கள் வேலை பார்க்கிற தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் எழுதிவிட்டது. தினம் மலையேறி இறங்குகிறவளுக்கு அது எட்டுவதில்லை. இருட்டோடு ஜீப்பில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எந்தத் தாய் போவாள்? நம் பள்ளத்தாக்கில் உண்மையில் குறைகிறது எழுத்து இல்லை அக்கா, அந்த விடியற்கால இரண்டு மணி நேரமும் அந்தி இரண்டு மணி நேரமும்தான். ஹாம்பர்க்கில் காப்பகம் தேடுகிற தாய் முதலில் கேட்பது எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று. என்ன சொல்லித் தருவீர்கள் என்பது அப்புறம்.

ஆகவே வேன் காசைக் கட்டும் முன், மே 1 கிராம சபையில் மச்சான் எழுந்து இரண்டு கேள்வி கேட்கட்டும்: நம் அங்கன்வாடிக்கு இன்னொரு ஆள் எப்போது வருவார், காலை ஆறு மணிக்குத் திறந்தால் என்ன? தீர்மானமாகவே எழுதி வாங்கட்டும். மைக் பிடிக்க அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அம்மா, மச்சான், மருமகன் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி