குதிரைக்குக் கொடுத்த பணம்

ஞானி நாடாண்டால் நாடு உருப்படும் என்று பிளேட்டோ எழுதிவைத்தார். அதைச் சிராக்கியூஸ் மன்னனிடம் சொல்லிப் பார்க்கப் போனவரை அடிமைச் சந்தையில் விற்றுவிட்டார்கள் என்று ஒரு பழங்கதை. நம் பக்கத்தில் இந்த விஷப்பரீட்சைக்குத் துணிந்தவன் அரிமர்த்தன பாண்டியன். நன்றாகப் படித்தவர் என்று திருவாதவூர்க்காரரை முதலமைச்சராக்கி, தென்னவன் பிரமராயன் என்று பட்டமும் கொடுத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். கஜானாவைத் திறந்து, "கீழைக் கடற்கரையில் குதிரை வந்து இறங்கியிருக்கிறதாம், வாங்கி வாரும்" என்றான்.

கோட்டைப்பட்டினம், மணமேல்குடிக் கரையில் இப்போது விசைப்படகும் மீன் ஏலமும்தான். அமைச்சர் இந்தக் கரைக்கு ஏறக்குறைய வந்தேவிட்டார். இன்னும் கொஞ்சம் கிழக்கே நடந்திருந்தால் வேலை முடிந்தது. பாழாய்ப்போன குருந்தமரம் ஒன்று திருப்பெருந்துறையில் நின்றது. அதனடியில் ஒரு குரு. கொள்முதல் அங்கேயே படுத்துவிட்டது. குதிரைப் பணம் கோயிலாயிற்று. டெண்டரும் இல்லை, ரசீதும் இல்லை.

குதிரை எங்கே என்று மதுரையிலிருந்து ஓலை வந்தது. "ஆவணி மூலத்தில் வரும்" என்று பதில் போனது. சொல்லிக்கொடுத்தவர் சாட்சாத் சிவபெருமான். சொன்னபடி வரவும் வந்தன. வியாபாரி வேஷத்தில் அவரே ஓட்டிவந்தார். ராத்திரி அத்தனையும் நரியாகி, லாயத்தில் ஏற்கெனவே இருந்த நல்ல குதிரைகளையும் கடித்துப் போட்டுவிட்டு ஓடின. இருந்த இருப்பும் போயிற்று.

அமைச்சரை மன்னன் வைகைச் சுடுமணலில் நிறுத்தினான். வைகை பொங்கியது. கரை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு என்று உத்தரவு. புட்டு விற்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு! குதிரை கேட்டவளும் அவளில்லை, ஞானியை அமர்த்தியவளும் அவளில்லை. ஆனாலும் மண்வெட்டி அவள் வாசலுக்குத்தான் வந்தது. அவளுக்காகக் கூலியாளாய் வந்த கடவுளும் உதிர்ந்த புட்டைத் தின்றுவிட்டுப் படுத்துத் தூங்கினார். மன்னன் பிரம்பை எடுத்தான். அந்த அடி எல்லார் முதுகிலும் விழுந்தது, அவன் முதுகிலும்தான். இத்தனை செலவுக்கும் கிடைத்த ஒரே தணிக்கைக் குறிப்பு அது.

ஆட்சிக்கு ஆசைப்படாதவனே ஆளத் தகுந்தவன் என்பதும் பிளேட்டோ கட்சி. அந்தக் கணக்குப்படி நம்மவர் முழுத் தகுதி பெற்றது, பதவியே வேண்டாமென்று தில்லைக்குக் கிளம்பிய அன்றுதான்.

திருப்பெருந்துறை எனும் ஆவுடையார்கோயிலில் இன்றும் சாமிக்குப் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நைவேத்தியம். புட்டுத் தின்று வாங்கிய அடி மறக்கவில்லை போலிருக்கிறது.