ஒன்றரைக் கட்டையில் இரண்டு நிலா

வீட்டில் பியானோ வாங்கினால் சங்கீதம் வரும் என்றுதானே நினைப்பீர்கள்? எங்கள் வீட்டில் முதலில் வந்தது ஓர் உத்தரவு. அதன் மேல் சாவிக்கொத்து, மளிகைச் சீட்டு, மடித்த துணி, என் கை ஆகிய எதையும் வைக்கக் கூடாது. அன்றிலிருந்து எனக்கும் அதற்கும் உள்ள உறவு மாதாமாதம் ஃபீஸ் கட்டுவது, டியூன் செய்ய வருகிறவருக்குக் காபி நீட்டுவது, சென்னை ஈரத்தில் ஏதாவது ஒரு கட்டை அமுங்கியபடியே நின்றுவிட்டால் அவருக்கு மறுபடி போன் போடுவது, இவ்வளவுதான்.

மகள் எட்டாவது கிரேடு முடித்துவிட்டாள். காலேஜுக்குப் போவதற்குள் தனியாக ஒரு ரிசைட்டல், முக்கால் மணி நேரம், என்று மிஸ் சொல்லிவிட்டார். ஹால் கிடைத்துவிட்டது. அதிலேயே நல்ல பியானோவும் இருக்கிறது. என்ன வாசிப்பது என்று முடிவு செய்வதுதான் பாக்கி. ஃபீஸ் கட்டியவன் என்ற முறையில் அதில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு என்று நம்பினேன். வாக்கு இருந்தது. எண்ணத்தான் யாருமில்லை.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். முக்கால் மணி என்றதும் சிக்கனமான வழி ஒன்று தோன்றியது. பீத்தோவனின் ‘ஹாமர்கிளாவியர்’ சொனாட்டா ஒன்றே ஏறக்குறைய முக்கால் மணி ஓடும். ஒரே அயிட்டம், ஒரே வவுச்சர், வேலை முடிந்தது. பியானோ உலகத்திலேயே மிகக் கடினமான உருப்படிகளில் அதுவும் ஒன்று என்பது அப்புறம்தான் தெரிந்தது. “அதை நான் கத்து முடிக்கறதுக்குள்ள நீ ரிட்டயர் ஆயிடுவே” என்றாள் மகள்.

சும்மா விடுவேனா? படித்துத் தயாராகிக்கொண்டு வந்தேன். ஆன்டன் ரூபின்ஸ்டைன் என்ற ரஷ்யர் 1885-86-இல் பியானோ இசையின் சரித்திரத்தையே ஏழு கச்சேரிகளில் வாசித்துக் காட்டியிருக்கிறார். அதில் ஒரு மாலை முழுக்க பீத்தோவன், எட்டு சொனாட்டா. “எட்டு! நீ ஒண்ணுக்கே அழறே” என்றேன். அவள் தலை நிமிராமல் கேட்டாள்: “உட்கார்ந்து கேட்டவங்க யாராவது உயிரோட திரும்பினாங்களாப்பா?”

இதற்குள் செய்தி பரவிவிட்டது. முதலில் வந்தவர் என் அண்ணன், அவளுக்குப் பெரியப்பா. டிசம்பர் முழுக்க சபாக்களிலும் அவற்றின் கேன்டீன்களிலும் குடியிருப்பவர். பியானோ கச்சேரி எதற்கும் போனதில்லை என்பதால் அபிப்பிராயங்கள் தெளிவாக இருந்தன. “முதல்ல வர்ணம் மாதிரி விறுவிறுன்னு ஒண்ணு. நடுவுல கனமா மெயின். கடைசியில துக்கடா. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் போட்டுக் குடுத்த பத்ததி. இதை மாத்த நீ யாரு?” என்று என்னைக் கேட்டார். நான் எதையும் மாற்றவில்லை. என்னை அந்த அறையிலேயே யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தது என் அம்மா. பேத்தி முதன்முதலாக மேடையேறுகிறாள், சாமி பாட்டில் ஆரம்பிக்க வேண்டும் என்றார். பெரியப்பா உடனே முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டு ஸ்வரத்தை எடுத்துவிட்டார். வெள்ளைக்கார பாண்டு மெட்டுகளுக்கு தீட்சிதர் சமஸ்கிருதத்தில் எழுதியவை அவை. ‘சந்ததம் பாஹி மாம்’ அசல் ‘காட் சேவ் த கிங்’ மெட்டு. எனக்கும் சபாஷ் என்றுதான் பட்டது. பிறகு யோசித்தால், அம்மா கண்ணை மூடிக் கும்பிடுவார், பின்வரிசையில் யாராவது பழக்கதோஷத்தில் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். மகள்தான் பாட்டியைச் சமாளித்தாள். “பாட்டி, நான் பாக்ல ஆரம்பிக்கறேன். அவர் சர்ச்ல வேலை பார்த்தவர். சர்ச்சுக்கு எழுதினா, பிள்ளையார் சுழி மாதிரி மேல ‘யேசுவே துணை’ன்னு ரெண்டெழுத்துல சுருக்கிப் போட்டுடுவார்.” அம்மாவுக்குப் பரம திருப்தி. “சுழி போட்டாச்சுல்ல? எந்த சாமியா இருந்தா என்ன” என்று எழுந்து போய்விட்டார்.

எங்கள் குடியிருப்பின் செயலாளர் இளையராஜா பக்தர். பாக் என்ற பேர் காதில் விழுந்ததும் ஓடி வந்தார். “ராஜா சார் 1986-லேயே ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்துல ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’னு ஒண்ணு போட்டுட்டார். பாக்கை வீட்டுக்கே கூட்டிட்டு வந்தவர் சார் அவர்! அதை விட்டுட்டு...” அவரிடம் வாதாட யாராலும் முடியாது. பராமரிப்புக் கட்டணத்தில் எனக்குக் கொஞ்சம் பாக்கி வேறு.

ஒரு வழியாக மிஸ்ஸும் மகளும் கதவைச் சாத்திக்கொண்டு பட்டியலைத் தயார் செய்தார்கள். 1722-இல் தொகுக்கப்பட்ட பாக்கின் முதல் பிரெலூடும் ஃபியூகும். ஷூமனின் ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’, 1838. பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டா, 1801. கடைசியில் தெபுஸியின் ‘க்ளேர் த லூன்’, 1905-இல் அச்சானது. ஷூமன் உருப்படியில் குட்டிக் குட்டியாகப் பதின்மூன்று துண்டுகள் என்று கேட்டதும் என் மனைவிக்குப் பிடித்துப்போயிற்று. ஒன்று வாங்கினால் பன்னிரண்டு இலவசம் எந்தக் கடையில் கிடைக்கும் என்றாள்.

எனக்குத்தான் கை பரபரத்தது. “1838-க்கு அப்புறம் எப்படி 1801 வரும்? தேதிவாரியா அடுக்கணும்” என்றேன். “இது வவுச்சர் ஃபைல் இல்லைப்பா.” “அது போகட்டும், ஒரே கச்சேரியில ரெண்டு நிலாவா? அதுவும் அடுத்தடுத்து?” இதற்கு மிஸ்ஸே பதில் சொன்னார். பீத்தோவன் அதற்கு நிலா என்று பேர் வைக்கவேயில்லை. அவர் காலமான பிறகு ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர் ஏரியில் நிலவொளி என்று எழுதப்போக, அதுவே ஒட்டிக்கொண்டது. மூன்றாம் பகுதியைக் கேட்டால் நிலாவே பயந்து ஓடிவிடும்.

“அடுத்தடுத்து வெச்சதுக்குக் காரணம் சுருதி” என்றார் மிஸ். பீத்தோவன் முடிவது சி ஷார்ப் மைனரில். தெபுஸி ஆரம்பிப்பது டி ஃபிளாட் மேஜரில். பேர்தான் வேறு, பியானோவில் இரண்டுக்கும் ஆதாரம் அதே கறுப்புக் கட்டை. புயல் அடித்து ஓய்ந்த அதே இடத்தில் வெளிச்சம் வரும். நான் புரிந்ததுபோலத் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது பெரியப்பா நாற்காலியிலிருந்து எம்பினார். “ரெண்டும் ஒன்றரைக் கட்டை! பாக் ஒரு கட்டை, ஷூமன் எத்தனை?” “ஜி மேஜர்ல ஆரம்பிச்சு அதுலயே முடியும்.” “அஞ்சு கட்டை. சட்ஜத்துக்குப் பஞ்சமம்! பேஷ், பேஷ்!” அந்த நிமிஷத்திலிருந்து அவரும் மிஸ்ஸும் சிநேகிதர்கள். இத்தனை வருஷம் ஃபீஸ் கட்டிய எனக்கு அந்த அறையில் ஒரு கட்டைகூட மிஞ்சவில்லை.

சரி, மேடையில் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டுப் பக்கம் திருப்பும் உத்தியோகமாவது கிடைக்குமா என்று பார்த்தேன். நோட்டு படிக்கத் தெரியாதுதான், மகள் தலையசைத்தால் திருப்ப மாட்டேனா? அதற்கும் வேட்டு வைத்தவர் ஷூமனின் மனைவி கிளாரா. 1837-இல், கல்யாணத்துக்கு முன்பே, பெர்லினில் பீத்தோவன் சொனாட்டாவை நோட்டு இல்லாமல் வாசித்திருக்கிறார். இதென்ன அகம்பாவம் என்று அப்போது முணுமுணுத்தார்கள். பிறகு அதுவே வழக்கமாகி, மகளும் மனப்பாடமாகத்தான் வாசிக்கப் போகிறாள். லிஸ்ட் என்ற பியானோ வித்வான் லண்டனில் 1840-இல் தனியாக வாசித்தபோது, உருப்படிகளுக்கு நடுவில் இறங்கி வந்து ரசிகர்களோடு அரட்டையடிப்பாராம். “நடுநடுவுல நான் வந்து நாலு வார்த்தை...” என்று ஆரம்பித்தேன். தாயும் மகளும் சேர்ந்தாற்போல “வேண்டாம்” என்றார்கள். அவர்கள் ஒரே சுருதியில் சேர்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசியாக என் மனுவைச் சமர்ப்பித்தேன். எனக்கு முழுசாகத் தெரிந்த ஒரே பியானோ உருப்படி, ‘ஃபூர் எலிஸ்’. “அப்பா, அது கீழ்வீட்டு மாமா காரை ரிவர்ஸ் எடுக்கறப்ப வர்ற பாட்டு. நான் ஆரம்பிச்சா வாட்ச்மேன் ஓடி வந்து, ‘வாங்க, வாங்க, லெஃப்ட்ல ஒடிங்க’ம்பார்.” நான் விடவில்லை. “பீத்தோவன் எழுதினதுதானே?” “எழுதினார். ஆனா வெளியிடலை. அவர் செத்து நாப்பது வருஷம் கழிச்சு 1867-லதான் அச்சுக்கு வந்தது. அவரே வேண்டாம்னு வெச்சது உனக்கு எதுக்குப்பா?”

அங்கீகாரம் வேண்டாம், கடைசியில் ஜனங்கள் தட்டித் தட்டிக் கேட்டால் உபரியாக வாசிக்கட்டுமே என்றேன். அதற்கும் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆர்தர் ஷ்னாபெல் என்ற மேதை உபரி உருப்படியே வாசிக்க மாட்டாராம். கைதட்டல் ரசீதுதானே ஒழிய பில் இல்லை என்பது அவர் கட்சி. ரசீதுக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசத்தை, கணக்குப் பிரிவில் தலை நரைத்தவனுக்கு, நான் பெற்ற பெண் சொல்லித் தருகிறாள்.

ஆனால் எனக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்லக் கூடாது. சொனாட்டாவில் மூன்று பகுதிகள், நடுவில் யாரும் தட்டிவிடக் கூடாது, முடிந்ததும் முதலில் தட்ட வேண்டியவன் நான். “முடிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?” “நான் எழுந்திருப்பேன்.” “அது வரைக்கும்?” “கை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சுக்கோ.”

அதோடு போகவில்லை. முதல் பகுதி முழுக்க மூன்று மூன்றாகப் போகிறது என்று தெரிந்ததும் பெரியப்பா, “திஸ்ரம்!” என்று தொடையில் தாளம் போட்டு ஒத்திகையே பார்க்க ஆரம்பித்துவிட்டார். அவர் தட்டுகிற தட்டு பின்வரிசை வரை கேட்கும். அவரைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் என் தலையில் விழுந்திருக்கிறது. ஆகவே அன்று மாலை நீங்கள் வந்து, முன்வரிசையில் அண்ணனும் தம்பியும் இந்த வயதில் கையை இறுகக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், அது பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.