மானிப்பாயும் லினக்ஸும்: ஒரு ஊர்ப்பெயர்ப் புராணம்

இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள் பதிப்பு விவரம் எழுதிவைக்கும் வழக்கம் அமெரிக்காவில் தொடங்கியது என்பார்கள். அமெரிக்கர்கள்தான் தொடங்கினார்கள். ஆனால் அதன் முன்கதை யாழ்ப்பாணத்து மானிப்பாயில்.

1820 இல் அமெரிக்க மிஷனுக்கு அச்சடிக்கவென்று கரெட் என்பவர் யாழ்ப்பாணம் வந்தார். பதில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸுக்கு அமெரிக்கப் பாதிரிமார் என்றாலே ஆகாது. வந்தவரை நிற்க விடாமல் கலைத்துவிட்டார். மானிப்பாயில் மைனர் என்ற அச்சுக்காரரின் பொறுப்பில் யந்திரம் ஓட 1834 ஆயிற்று. பதினான்கு வருடம், இராமர் காட்டில் இருந்த அதே கணக்கு. 1842 இல் 58,500 சொற்களோடு தமிழ் அகராதி ஒன்று வெளிவந்தது. நைற் பாதிரியார் தொடக்கி, ஸ்போல்டிங் பாதிரியார் முடித்து, சந்திரசேகர பண்டிதர் முதலானோர் கண் பூக்கச் சொல் பொறுக்கிய புத்தகம். உலகம் அதற்கு வைத்த பெயரோ மானிப்பாய் அகராதி. உழைத்தவர்கள் பின்னுக்குப் போய், வேலை நடந்த இடம் முன்னுக்கு வந்து குந்திக்கொண்டது.

சரியாக 130 வருடம் கழித்து, 1972 இல், பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ராக்கைண்ட் என்ற நிரலாளருக்கு வேறொரு தலையிடி. நிரலை இயந்திர மொழிக்குத் தொகுத்துவிட்டால் மனிதர் வாசிக்க அதில் ஒன்றும் மிஞ்சாது. ஓடிக்கொண்டிருப்பது போன மாதத்துப் பிரதியா, நேற்றையதா என்று எவருக்கும் தெரியாது. ஆனால் மேற்கோள் குறிக்குள் இருக்கும் வசனத்தைத் தொகுப்பி அப்படியே விட்டுவிடும். அந்த ஓட்டைக்குள்ளால்தான் பதிப்பு எண் உள்ளே நுழைந்தது. முன்னால் @(#) என்று நாலு குறி. வேறெங்கும் இப்படி ஒரு கோலம் தற்செயலாக வராது என்ற நம்பிக்கை. 'வாட்' என்ற கட்டளை கோப்பைத் துழாவி இந்த நாலு குறியைக் கண்டதும் பின்னால் இருப்பதை ஒப்பித்துவிடும். பிறகு கெட்டிக்காரத் தொகுப்பிகள் வந்து, 'இந்த வரியை ஒருவரும் பயன்படுத்தவில்லையே' என்று வெட்டி எறியத் தொடங்கின. அதற்காகவே அந்த வரியைப் பயன்படுத்துவதுபோல நிரலாளர்கள் பொய்க்கு நடிக்க வேண்டியதாயிற்று.

பெர்க்லி யூனிக்ஸ்காரர் கேர்னல் தொகுக்கும்போதெல்லாம் தேதி, ஆள், வேலை நடந்த கணினியின் பெயர் (மானிப்பாய்போல), எத்தனையாவது முறை என்பதெல்லாம் தானாக ஏறும்படி செய்தார்கள். லினக்ஸும் அதையே பிடித்துக்கொண்டது. எத்தனையாவது முறை என்பதில்தான் மானம் கப்பலேறும். #214 என்றிருந்தால், ஐயா 213 முறை ஏதோ ஒன்றைத் திருத்தி மல்லுக்கட்டியிருக்கிறார் என்று ஊருக்கே விளங்கிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் கணக்கு வைக்கும் கோப்பை அழித்துவிட்டு, ஒன்றுமறியாப் பிள்ளைபோல #1 என்று மறுபடி தொடங்குவார்கள்.

2011 இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு 2.6.39 க்குமேல் எண்ண அலுத்துவிட்டது. பெரிய மாற்றம் ஒன்றுமில்லை, இனி 3.0 என்றார். மனிதர் வாசிக்க எழுதிய எண்ணை, '2.6 தானே வரும்' என்று நம்பி வாசித்துக்கொண்டிருந்த நிரல்கள் பல மூக்குடைந்தன. ஃபெடோரா 15 என்ற லினக்ஸ் வகை வெட்கப்படாமல் அதே கேர்னலுக்கு 2.6.40 என்று பெயரிட்டு விநியோகித்தது. கேர்னலுக்குள்ளேயே ஆண்டி க்ளீன் என்ற நிரலாளர் ஒரு வசதி செய்துகொடுத்தார்: பழைய நிரல் கேட்டால் 3.0 ஐ 2.6.40 என்று சொல்லிச் சமாளிக்கும். பிறந்த திகதியை மாற்றிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் வித்தை நமக்குப் புதிதா?

2015 இல் வந்த 4.0 க்கு, 'நான் ஒரு செம்மறி' என்ற பொருளில் லினஸ் ஒரு பட்டப்பெயர் சூட்டினார். அது தொகுப்புக்கான குறிப்புக் கோப்பான மேக்ஃபைலோடு சரி; கேர்னல் தன்னைப் பற்றிச் சொல்லும் வரியில் செம்மறிக்கு இடம் கிடைக்கவில்லை.

இதைவிட முசுப்பாத்தி 2021 பெப்ரவரியில். 4.4 வரிசையில் திருத்தத்துக்கு மேல் திருத்தம் வந்து கடைசி எண் 256 ஆயிற்று. எழுத்தில் 4.4.256 என்று தாராளமாகப் போடலாம். ஆனால் நிரல்களுக்கென்று இதே விவரம் ஒற்றை எண்ணாகவும் உள்ளே இருக்கிறது. அதில் கடைசிப் பகுதிக்கு எட்டு பிட்தான். 255 க்குமேல் கொள்ளாது. கூட்டிப் பார்த்தால் 4.4.256 என்பது 4.5.0 ஆகிவிடும். எங்கே உடைகிறதென்று பார்க்கவே, பதிப்பு எண்ணைத் தவிர வேறெதையும் தொடாமல் ஒரு வெளியீடு விட்டார் அந்த வரிசையைப் பராமரித்த கிரெக் க்ரோவா-ஹார்ட்மன். முடிவில் அந்த ஒற்றை எண்ணை 255 இலேயே கட்டிப்போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் 4.4 இன் கேர்னல்கள் மனிதரிடம் ஒரு வயதும் நிரல்களிடம் இன்னொரு வயதும் சொல்லிக்கொண்டே ஓடின.