கரடியாய்க் கத்தச் சொன்னார்கள்

முப்பத்திரண்டு வருஷம் தமிழாசிரியராகக் குப்பை கொட்டியவன் நான். இரு நண்பர்களும் கரடியும் கதையை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். இன்னொருவன் மூச்சை அடக்கிப் பிணம் மாதிரி படுத்துவிட்டான். கரடி வந்து மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. நடுவில் ஒரு பையனைத் தரையில் படுக்கவைத்து, நானே கரடியாகி அவன் காதுப்பக்கம் உறுமிக் காட்டுவேன். ஒருமுறை ஆய்வுக்கு வந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, “சார் தத்ரூபம்” என்று நோட்டில் எழுதிவிட்டுப் போனார்.

அத்தனையும் தப்பு என்று எனக்குத் தெரியவந்தது போன செப்டம்பரில். கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி தேசியப் பூங்கா வாசலில் ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். மகன் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வண்டியை ஓட்டினான்.

“கருங்கரடி எதிர்ல வந்தா ஓடக் கூடாதுப்பா. மணிக்கு அம்பது கிலோமீட்டர் வேகத்துல ஓடும். மரத்துல ஏறக் கூடாது. அது நம்மளவிட நல்லா ஏறும். ஒருவேளை மேல பாஞ்சுட்டா, செத்தவன் மாதிரி படுக்கவே கூடாது. கையில கிடைச்சதை எடுத்துத் திருப்பி அடிக்கணும்.”

ஆக, கதையில் வந்த இரண்டு பேருமே ஃபெயில்.

எனக்குப் பகீரென்றது. என்னிடம் படித்த பிள்ளைகள் பாதிப்பேர் இன்று அமெரிக்காவில்தான் இருக்கிறார்கள். அவர்களில் எவனாவது வாத்தியார் சொன்னாரே என்று ஏதாவது மலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தால், அந்தப் பாவம் யாருக்கு? மகன் சமாதானம் சொன்னான். செத்தவன்போல் படுக்கிற உத்தி கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடிக்கு ஆகும். கலிஃபோர்னியாவின் கொடியில் நடந்துபோகிறதே, அதுதான் கிரிஸ்லி. ஆனால் இந்த மாநிலத்தில் அந்த இனம் அழிந்து நூறு வருஷம் ஆகிறது. கடைசிக் கரடி 1920-களோடு சரி. இப்போது கொடியில் மட்டும் உலாத்துகிறது. மிச்சமிருப்பதெல்லாம் கருங்கரடி. என் பாடத்துக்குக் கட்டுப்படாத கரடி.

“சரி, கூடாரம் போட்ட இடத்துக்கே வந்துட்டா?”

“கத்தணும்பா. எவ்வளவு சத்தமா முடியுமோ அவ்வளவு சத்தமா.”

பின்சீட்டிலிருந்து என் மனைவி சிரித்தாள். வீட்டில் நான் எதற்காவது சத்தம் போட்டால், “ஏன் இப்படிக் கரடியாக் கத்துறீங்க” என்பது அவள் வழக்கம். கத்தி ஒரு காரியமும் நடந்ததில்லை. கரடியாய்க் கத்துவதைக் கரடியிடமே செய்யச் சொல்லி ஓர் அரசாங்கம் அச்சடித்துக் கொடுக்கும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை.

அப்பர் பைன்ஸ் என்ற இடத்தில் எங்களுக்குக் கூடாரம். ஒவ்வொரு கூடார மனைக்கும் ஓர் இரும்புப் பெட்டி பூமியோடு சேர்த்துப் பதித்திருக்கிறது. சாப்பாட்டுச் சாமான் முழுக்க அதற்குள் போய்விட வேண்டும். சாமானை எடுக்கும்போதும் வைக்கும்போதும் தவிரப் பெட்டி பூட்டியே இருக்கணும். காரில் வைத்தால் என்ன என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

1998-ஆம் வருஷம் ஒன்றில் மட்டும் இந்தப் பூங்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைக் கரடிகள் உடைத்திருக்கின்றன. கதவின் மேல்விளிம்பில் நகத்தை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் அப்பளம் மாதிரி மடங்கிவிடுமாம். அதற்குப் பிறகுதான் பெட்டி, அபராதம், ராத்திரி ரோந்து என்று கெடுபிடி ஏற்பட்டு, உடைப்பு வெகுவாகக் குறைந்தது. இதைவிட என்னைக் கவர்ந்தது வேறொன்று. 2001-லிருந்து 2007 வரை உடைபட்ட வண்டிகளை விஞ்ஞானிகள் ரகம் ரகமாகப் பிரித்துப் பார்த்தார்கள். எண்ணிக்கைக்கு மீறி அடிவாங்கியது மினிவேன். குழந்தைகள் உள்ளவர்கள் வாங்குகிற வண்டி. சீட் இடுக்கெல்லாம் பிஸ்கட் தூள், சிந்திய ஜூஸ். கரடிக்கு அந்த வாசனை போதும் என்பது அவர்கள் யோசித்த காரணங்களில் ஒன்று.

நாங்கள் வந்தது மினிவேனில். உள்ளே இரண்டு பேரப்பிள்ளைகளின் நாலு வருஷத்து முறுக்குத் தூள்.

அடுத்த ஒன்றரை மணி நேரம் நடந்ததை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். வாசனை உள்ளது எதுவானாலும் அது கரடிக்குச் சாப்பாடுதான் என்பது விதி. நாயின் மூக்கே கரடி மூக்குக்கு முன்னால் நிற்காது. புளிசாதமும் தயிர்சாதமும் பெட்டிக்குப் போனது நியாயம். பற்பசை போனது, சோப்பு போனது, மருமகளின் வெயில் களிம்பு போனது. அமிர்தாஞ்சனம் போனபோது நான் ஆட்சேபித்தேன்; எடுபடவில்லை. விபூதிச் சம்புடத்துக்கு வாசனை உண்டா இல்லையா என்று ஒரு வழக்கு நடந்து, அதுவும் உள்ளே போனது. இட்லி மிளகாய்ப் பொடியைக் கைவசம் வைத்துக்கொள்ளலாமே, ஆபத்துக்குத் தூவலாம் என்றேன். கரடியை விரட்டவென்றே விற்கிற மிளகாய் ஸ்ப்ரேயைக்கூட இந்தப் பூங்காவுக்குள் அனுமதிப்பதில்லையாம். அதுவும் நம் பொடியில் நல்லெண்ணெய் குழைத்திருந்தது. அது ஆயுதம் இல்லை, விருந்து.

சின்னவன் கட்டிக்கொண்டு தூங்குகிற கரடி பொம்மையில் பால் கொட்டிய வாடை. அதையும் வாங்கி உள்ளே வைத்து மூடினார்கள். கரடிக்குப் பயந்து கரடியையே பூட்டிய விசித்திரத்தை அன்று பார்த்தேன். இந்தப் பொம்மைக்குப் பேர் வந்ததே ஒரு கருங்கரடியால்தான். 1902-இல் மிசிசிப்பியில் வேட்டைக்குப் போன ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், கட்டிப்போட்ட கரடியைச் சுட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய ‘டெடி’ என்ற செல்லப்பெயரைப் பொம்மைக்கு வைத்தார்கள். மறுவருஷம் அவரே இயற்கை ஆர்வலர் ஜான் மியூரோடு இந்த யோசெமிட்டிக்கு வந்து காட்டில் படுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் பெட்டி கிடையாது. ஜனாதிபதி தன் பற்பசையை எங்கே வைத்தாரோ.

கடைசியில் மிஞ்சியது என் மனைவியின் தலை. காலையில்தான் வழிய வழியத் தேங்காயெண்ணெய் வைத்துப் பின்னியிருந்தாள். எல்லாரும் அவள் தலையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தோம். “ஏங்க, என்ன பார்வை?” என்றாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அதுவரை அவளும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தாள். மாறிப்போனது ஒரு பலகையால். வரும் வழியில் அங்கங்கே சிவப்புக் கரடிப் படம் போட்ட பலகைகளைப் பார்த்து, கரடி நடமாடும் இடம்போல என்று நினைத்திருந்தோம். அது கரடி வண்டியில் அடிபட்ட இடம் என்றான் மகன். அப்புறம் இதையும் சொன்னான்: மனிதச் சாப்பாட்டை ருசி கண்ட கரடி கூச்சம் விட்டுப்போய் ஆளையே நெருங்க ஆரம்பித்தால், கடைசியில் அதைக் கொன்றுவிடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. நியூயார்க் மாநிலத்து அடிரான்டாக் மலையில் ஒரு கெட்டிக்காரப் பெண்கரடி இருந்ததாம். காதில் இரண்டு மஞ்சள் வில்லை மாட்டியிருந்ததால் ‘யெல்லோ யெல்லோ’ என்று பேர். கரடியால் திறக்கவே முடியாது என்று விற்ற டப்பாவைப் பல்லால் திருகித் திறந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் இன்னொரு பூட்டு வைத்தார்கள். அதையும் திறந்தது. 2012-இல் ஒரு வேட்டைக்காரர் சுட்டு அது செத்தது.

“நாம ஒரு வாய் புளிசாதத்தைச் சிந்தினா அதுக்குச் சாவா?” என்று கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் மேஜைக்கடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கினாள். பக்கத்து மனையில் யாரோ திறந்துபோட்டுப் போயிருந்த சிப்ஸ் பொட்டலத்தையும் மூடி, அவர்கள் பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள். ரேஞ்சர்களே தோற்றார்கள்.

இந்த நிலைமையில்தான் ராத்திரி ஒரு மணிக்கு எனக்கு முழிப்பு வந்தது. ஸ்வெட்டர் பையில் ஏதோ உறுத்தியது. கோவில்பட்டி கடலைமிட்டாய்.

நான் சர்க்கரை நோயாளி. திடீரென்று மயக்கம் வந்தால் வேண்டுமே என்று வைத்துக்கொண்டது என்பது என் தரப்பு. மருமகளுக்கும் மனைவிக்கும் வேறு தரப்பு உண்டு. யோசித்துப் பார்த்தேன். இலையுதிர் காலத்தில் கருங்கரடி குளிர்கால உறக்கத்துக்கு உடம்பைத் தேற்ற ஒரு நாளைக்கு இருபதாயிரம் கலோரி வரை தின்னுமாம். என் டாக்டர் எனக்கு எழுதிக்கொடுத்திருப்பது ஆயிரத்து ஐந்நூறு. அந்தப் பசிக்கும் எனக்கும் நடுவில் ஒரு மெல்லிய துணி. என் ஸ்வெட்டர் பையில் வெல்லப்பாகு.

டார்ச்சோடு எழுந்து பெட்டிக்குப் போனேன். தாழ்ப்பாள் கரடிக்குப் புரியாதபடி செய்தது. இருட்டில் எனக்கும் புரியவில்லை. விரலை விட்டு அமுக்கினேன், இழுத்தேன், தட்டினேன். அசையவில்லை. பின்னால் எங்கோ சுள்ளி முறிந்தது. இனி ஒரே வழிதான். தடயத்தை அழித்துவிடுவது. இரண்டு மிட்டாயை வாய்க்குள் போட்டு நறநறவென்று மென்றுகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம்.

கத்த வாயைத் திறந்தேன். மிட்டாய் ஒட்டிக்கொண்டு பல் பிரியவில்லை.

“என்ன திங்கிறீங்க?”

பாத்ரூம் போக எழுந்தவள். சிவபூஜையில் கரடி என்பதற்கு இத்தனை வருஷம் வகுப்பில் எத்தனையோ உதாரணம் கொடுத்திருக்கிறேன். ஒன்றும் இதற்கு ஈடில்லை. மிச்சத்தைப் பிடுங்கி, தாழ்ப்பாளை ஒரே அமுக்கில் திறந்து, உள்ளே வைத்துப் பூட்டினாள்.

மறுநாள் காலை மிரர் லேக்குக்கு நடந்தோம். பேர்தான் ஏரி. செப்டம்பரில் தண்ணீர் வற்றி மணலும் புல்லுமாகக் கிடந்தது, நம்மூர் ஏரியைப் பார்த்த மாதிரி ஆறுதலாக இருந்தது. திரும்பும் வழியில் பெரியவன்தான் முதலில் கண்டான். பாதைக்கு மேலே சரிவில், உளுத்த கட்டை ஒன்றை ஒரு மிருகம் புரட்டிக்கொண்டிருந்தது. நல்ல பழுப்பு நிறம், வெல்லம் மாதிரி.

“இது கருங்கரடி இல்லை, பழுப்பு. அப்ப படுக்கணும்” என்றேன் கிசுகிசுவென்று.

“அப்பா, கருங்கரடிதான். இங்க முக்கால்வாசி பழுப்பாத்தான் இருக்கும்.”

பேரிலேயே பொய் சொல்லுகிற மிருகத்தை எந்த இலக்கணத்தில் சேர்ப்பது? நாங்கள் இதை விவாதித்துக்கொண்டிருந்தபோது கரடி கட்டையைப் பிளந்து, உள்ளேயிருந்த எறும்பை நக்க ஆரம்பித்தது. ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. எங்களில் தின்னத்தக்கது எதுவும் இல்லை என்று முடிவுசெய்ததுபோல் மறுபடி குனிந்துகொண்டது. சமோசா விலை கேட்டுவிட்டு நகர்கிறவர்களிடம் இருக்குமே, அந்தப் பார்வை.

காட்டுக்குள் அதன் இடத்தில் அது இருந்தால் கத்தத் தேவையில்லை, ஐம்பது கஜம் தள்ளிப் போய்விட வேண்டும் என்றான் மகன். திரும்பி ஓடாமல், அதைப் பார்த்தபடியே, மெதுவாகப் பின்வாங்கணும். சின்னவனை அவன் தூக்கிக்கொண்டான். நாங்கள் வரிசையாகப் பின்னடி வைத்தோம்.

இதற்கு மட்டும் எனக்குத் துண்டுப் பிரசுரம் தேவைப்படவில்லை. கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதியிலிருந்து முதுகு காட்டாமல் வெளியே வருகிற அதே நடைதான். கால் தானாகப் போனது. வளைவு திரும்பிக் கரடி மறைந்ததும் என் மனைவி இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

“ஜாம்பவான் பரம்பரை” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அது சரி, கிளம்பினதுலேருந்து கத்தறதுக்குப் பயிற்சி எடுத்தீங்களே. ஒரு சத்தத்தையும் காணோமே?”

“சன்னதியில யாராவது கத்துவாங்களா?” என்றேன்.

நாக்கு அப்போதுதான் மேலண்ணத்திலிருந்து பிரிந்திருந்தது. கடலைமிட்டாய் சாப்பிட்டுப் பத்து மணி நேரம் ஆகியிருந்ததால், பழியை அதன்மேல் போடவும் வழியில்லை.