தனிப் பயணத்தின் முதல் மூன்று நாள்கள்: பல்லடத்தை முன்வைத்து ஒரு சிற்றாராய்ச்சி

பல்லடத்தைச் சேர்ந்த ஒருவர் நெடுநாள் திட்டமிட்டு, துணை எவருமின்றி, அயல்நாடு செல்வது இன்று அரிதன்று. கோவை பீளமேட்டு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு. வான்வழிப் பயணம் ஏறத்தாழ நாலரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆயினும் அத்தகைய பயணத்தின் முதல் மூன்று நாள்கள் உரிய கவனம் பெறவில்லை. பயண நூலார் தாம் கண்ட இடங்களை எழுதினர். அவ்விடங்களில் அவர்கள் நின்றிருந்தபோது, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டவர் யார், எந்த உறவுமுறையில் நின்று கேட்டார், விடையை ஏற்றாரா என்பனவற்றை எழுதாமல் விட்டனர்.

முதற்கண் திட்டமிடும் காலத்தை வரையறுக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டின் ஆயுள் 10 ஆண்டு. திட்டத்தின் ஆயுள் சில குடும்பங்களில் அதனை விஞ்சுகிறது. அந்நிலையில் முதல் கடவுச்சீட்டு ஒரு முத்திரையும் காணாமல் ஓய்வு பெற, இரண்டாவது பொறுப்பேற்கிறது. ஒத்திவைப்புக்கான காரணங்கள் இருவகைப்படும்: நெருங்கிய உறவில் நிகழும் சீர்கள், தூரத்து உறவில் நிகழும் சீர்கள். முதல்வகைக்குப் போகாமலிருக்க இயலாது. இரண்டாம் வகைக்குப் போகாமலிருந்தால் முதல்வகையினர் ஏனென்று கேட்பர்.

முன்னோடிகள் இல்லாமல் இல்லை. சூலூருக்கு அருகே கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு பன்முறை அயல்நாடு சென்றவர். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தவர். அன்று அவர் நேரத்துக்குச் சாப்பிட்டாரா என்பது பற்றி வரலாற்றாசிரியர் எவரும் கவலை கொண்டதாகத் தெரியவில்லை. ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் தோன்றியது. நடுக்கடலில் தொலைபேசி அழைப்பு எதுவும் வந்து அவரை எட்டாதிருந்ததற்கும் அப்பெரும் எண்ணம் தடையின்றி முழுமை பெற்றதற்கும் இடையிலான தொடர்பு ஆராயத்தக்கது.

இனி, தனிமை எங்கே தொடங்குகிறது என்னும் வினா. பல்லடத்திலிருந்து விமான நிலையம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இத்தொலைவில் தனிப் பயணி தனியே செல்வதில்லை. ஒரு வேன் நிறைய உறவினர் உடன் செல்வர். வேனில் இடமில்லாதோர் மோட்டார் சைக்கிளில் பின்தொடர்வர். பயணச்சீட்டு இல்லாதோர் உள்ளே நுழைய இயலாது என்பதால், தனிமையானது, துல்லியமாகக் கூறின், வாயிலில் நின்று அடையாளச் சான்றைச் சரிபார்க்கும் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வீரரால் தொடங்கிவைக்கப்படுகிறது. வெளியே நிற்போர் அதன்பின் வானேறும் ஒவ்வொரு விமானத்துக்கும் கையசைப்பர். அது சென்னைக்குச் செல்வதாயினும் அசைத்த கையை எவரும் திரும்பப் பெறுவதில்லை.

பெட்டியில் செல்லும் உணவு தனி இயலுக்குரியது. பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி முதலிய பொடிகளைப் பற்றிக் கருத்து வேறுபாடு இல்லை. கொப்பரை சிக்கலானது: எளிதில் தீப்பற்றும் என்பதால் 2022 முதல் இந்திய விமான நிலையங்களில் அதனைப் பெட்டியில் வைக்கத் தடை உள்ளது. நெடுஞ்சாலையில் பல்லடத்துக்குக் கிழக்கே அமைந்த காங்கேயம் கொப்பரைக்கும் தேங்காயெண்ணெய்க்கும் பெயர்பெற்ற ஊர் என்பதால், இத்தடை அப்பகுதியினரால் கொள்கை அளவில் ஏற்கப்படவில்லை. உண்மையான தத்துவச் சிக்கல் தக்காளித் தொக்கினால் எழுவது. கைப்பையில் திரவம் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மேற்படலாகாது என்பது விதி. தொக்கு இவ்விதிக்கு உட்பட்டது என்பது பாதுகாப்புத் துறையின் நிலைப்பாடு. அம்மிச்சியின், அதாவது தாயைப் பெற்றவரின், நிலைப்பாடு வேறு: ஊற்றப்படுவது திரவம், வைக்கப்படுவது திடம், தொக்கை யாரும் இலையில் ஊற்றுவதில்லை. தர்க்க அளவில் பின்னதே வலுவானது. எனினும் தீர்ப்பளிக்கும் மேசை முன்னவரிடம் இருப்பதால் தொக்கு பெட்டியின் அடிப்பகுதிக்கு மாற்றப்பட்டு, இரண்டு நெகிழிப் பைகளாலும் ஒரு துண்டாலும் சுற்றப்பட்டு, மூன்றாம் நாள்வரை அத்துண்டுக்கு மணம் அளிக்கிறது.

முதல் நாள் எப்போது தொடங்குகிறது என்பதில் மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. கோவையில் குடிநுழைவு முத்திரை விழும் கணம் என்பர் சட்டப்பற்று உடையோர். சாங்கி நிலையத்தில் சக்கரம் தரைதொடும் கணம் என்பர் பொறியியல் பயின்றோர். வந்து சேர்ந்துவிட்டதாக வீட்டுக்குச் சொல்லும் கணம் என்பது மூன்றாவது கொள்கை. அதுவே ஏற்புடைத்து. தரையிறங்கிப் பெட்டி எடுத்து, வெளியே வந்து, வாடகைக் காரில் ஏறிய ஒருவர் இன்னும் தொலைபேசவில்லையெனில், பல்லடத்தைப் பொறுத்தவரை அவர் வானத்திலேயே இருக்கிறார். அவருக்காகத் தொலைக்காட்சிச் செய்தி ஓடிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூர் அரசு வருகையாளரிடம் மின்வருகை அட்டையொன்றைக் கேட்கிறது. வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் அதனை நிரப்பியாக வேண்டும். எங்கே தங்குவார், உடல்நலம் எத்தகையது என்றெல்லாம் வினவும் அவ்வட்டை, உண்டாரா என்று வினவுவதில்லை. அப்பணி பல்லடத்தில் எஞ்சியோருக்கு ஒப்படைக்கப்பட்டதாகக் கொள்ளலாம்.

அவ்வினாவே இவ்வாராய்ச்சியின் மையம். வினவுவோரை வைத்து அது பலவாகப் பிரிகிறது. தாயின் வினா ‘சாப்புட்டியா கண்ணு?’ என்பது. ஆம் என்பது அதற்கு விடையாகாது, பட்டியலே விடையாகும். தந்தை தொலைபேசியைக் கையில் வாங்குவதில்லை. ‘சாப்புட்டானான்னு கேளு’ என்று அறையின் மறுகோடியிலிருந்து கூறுவார், கேட்டாயிற்று என்று தெரிந்த பின்னும் கூறுவார். மாமனின் வினா உண்டதன் விலையைப் பற்றியது. அத்தையின் வினா திரும்பும் நாளைப் பற்றியது. அதை உணவு வினாவின் கிளையாகக் கொள்வதற்குக் காரணம், திரும்பினால்தான் உண்ண முடியும் என்னும் அவரது உறுதிப்பாடு. அம்மிச்சியின் வினா மட்டும் கறாரான வரையறை உடையது: ‘சோறு உண்டியா?’ அரிசிச் சோறு உண்டிருந்தால் முழு மதிப்பு. இட்லி, தோசை எனில் முக்கால். ரொட்டி எனில் காய்ச்சலா என்ற கிளைவினா பிறக்கும். நூடுல்ஸ் என்ற விடை இதுவரை எவராலும் அளிக்கப்படவில்லை.

வினாவைப் போலவே அது சென்று சேரும் நேரமும் ஆராயத்தக்கது. சிங்கப்பூர் நேரம் இந்திய நேரத்துக்கு இரண்டரை மணி முன்னது. பல்லடத்தில் காலை 8.30 மணிக்குக் கேட்கப்படும் காலையுணவு வினா சிங்கப்பூரை அடையும்போது அங்கே 11 மணி. பிற்பகல் 1.30 மணி வினா 4 மணிக்கு அடைகிறது. இரவு 9 மணி வினா அடையும்போது 11.30 ஆகியிருக்கும், பயணி உறங்கியிருப்பார். அவர் எழுந்து, சாப்பிட்டாயிற்று என்று கூறி, கூறியது நெடுநேரப் பழமையுடையதாகி விடாதிருக்க ஒரு முறுக்கும் தின்று, மீண்டும் உறங்குகிறார்.

1981 வரை இவ்வேறுபாடு இரண்டு மணி நேரமே. சபா, சரவாக் மாநிலங்களுடன் ஒரே நேரம் காணும் பொருட்டு மலேசியத் தீபகற்பம் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரத்தை அரைமணி முன்னே நகர்த்தியது. சிங்கப்பூரும் அதனைப் பின்பற்றியது. பல்லடத்துத் தாய்மாரைக் கலந்தாலோசிக்காமல் செய்யப்பட்ட இம்மாற்றத்தின் விளைவை இன்றுவரை பயணிகள் நள்ளிரவு நெருங்கும் வேளையில் சுமக்கின்றனர். பழைய நேரமே நீடித்திருந்தால் இரவு வினா 11 மணிக்கு அடைந்திருக்கும், முறுக்கு தேவைப்பட்டிருக்காது.

பணமாற்றம் குறித்துச் சுருங்கக் கூறினால் போதும். சிங்கப்பூர்த் தமிழர் வெள்ளி என்று வழங்கும் நாணயம் அறுபது ரூபாயைக் கடந்து நெடுநாளாயிற்று. முதல் நாள் பயணி எல்லாவற்றையும் பெருக்குகிறார். இரண்டாம் நாள் உண்பனவற்றை மட்டும் பெருக்குகிறார். மூன்றாம் நாள் கோழியை மட்டும் பெருக்குகிறார். அதிலிருந்து அவர் மீள்வதில்லை. கறிக்கோழியின் பண்ணைக் கொள்முதல் விலை நாள்தோறும் பல்லடத்தில்தான் நிர்ணயித்து அறிவிக்கப்படுகிறது. அவ்வூரார் ஒருவர் தேக்கா உணவங்காடியில் ஐந்து வெள்ளிக்குக் கோழிச்சோறு வாங்கும்போது, அதே தொகைக்குப் பெரும்பாலான நாள்களில் இரண்டு கிலோ உயிர்க்கோழி பண்ணையில் கிடைக்கும் என்ற அறிவு தட்டின் அருகே வந்து அமர்கிறது. 2022 ஜூன் மாதம் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, தான் உண்ணும் கோழியில் மூன்றிலொரு பங்கை அந்நாட்டிலிருந்தே பெற்றுவந்த சிங்கப்பூர் இடர்ப்பட்டது என்பதையும் அவர் அறிவார். பக்கத்து மேசைக்காரரிடம் கூறுவார். உண்ணும்போது அவர் முகத்தில் தோன்றும் பாவம் சுவையைப் பற்றியதன்று.

மெர்லயன் சிலை, மரீனா வளைகுடா, தாவரத் தோட்டம் ஆகியன முதல் மூன்று நாள்களில் பார்க்கப்படுகின்றன. அவை குறித்துப் பிறர் எழுதியுள்ளனர்.

அயல்நாட்டுத் தன்மை பற்றியும் ஒன்று கூற வேண்டும். அயலாருடன் உரையாட வேண்டிச் சில ஆங்கில வாக்கியங்களைத் திட்டக் காலம் முழுவதும் ஒத்திகை பார்த்த பயணியை, அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகிய தமிழே பலகையிலும் அறிவிப்பிலும் எதிர்கொள்கிறது. விரைவு ரயில் நடைமேடையின் இடைவெளியைப் பற்றிய எச்சரிக்கையும் தமிழில் ஒலிக்கிறது. தமிழர் கூடும் சிராங்கூன் சாலைக்கு வந்து சேர்ந்தபின் ஒத்திகை வாக்கியங்களுக்கு வேலையே இல்லை. பல பயணிகளிடத்தில் அவை அடுத்த பயணத்துக்குப் புத்தம் புதியனவாகவே இருக்கின்றன.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமையுமாயின் தனிமை அதன் இறுதிக் கட்டத்தை எய்துகிறது. அன்று சிராங்கூன் சாலை வார விடுமுறைத் தொழிலாளரால் நிரம்பியிருக்கும். அக்கூட்டத்தில் கொங்கு நாட்டார் ஒருவர் மற்றொருவரைக் கண்டறிவது செவியால்; சொல்லின் ஈற்றில் நிற்கும் ‘ங்’ போதுமானது. அதன்பின் நான்கு வினாக்கள் வரன்முறையாக நிகழ்கின்றன. எந்த ஊருங்? பல்லடத்துல எங்கீங்? அந்தத் தறிக்குடோன் வீதிங்களா? அங்கே இன்னாரைத் தெரியுங்களா? ஐந்தாவது வினா தேவைப்படுவதில்லை. நான்காவதற்குள் இருவரும் ஒறம்பரை என்பது உறுதியாகிவிடுகிறது. பொங்கலூரில் பெண் கொடுத்தவகையிலோ தாராபுரத்தில் பெண் எடுத்தவகையிலோ உறவு கிட்டும். இரண்டும் கிட்டாதபோது, பொதுவாகத் தெரிந்த ஒரு கோழிப்பண்ணைக்காரரே உறவின் இடத்தை நிரப்புவார்.

இவ்வாறு கிட்டிய உறவினர் நான்காம் நாள் விருந்துக்கு அழைக்கிறார். மறுப்பதற்குப் பயணியிடம் இருக்கும் ஒரே காரணம், தாம் பல்லாண்டு திட்டமிட்டுத் தனியாக வந்திருப்பது. ‘தனியாத்தான இருக்கறீங், அப்ப வாங்’ என்று உறவினர் அக்காரணத்தையே அழைப்பின் பக்கம் சேர்த்துக்கொள்கிறார். அதற்கு மேலும் மறுப்பது சட்டப்படி இயலும். ஆனால் சிங்கப்பூரில் இரவு 7 மணிக்கு மறுக்கப்பட்ட விருந்து பல்லடத்தில் அன்று மாலை 4.30 மணிக்கே தெரிந்துவிடும். அதாவது மறுப்பதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே.