8800 ஜிடியும் 9800 ஜிடியும்: ஓர் ஒப்பாய்வு

ஒப்பாய்வு செய்வோர் பொதுவாக வேறுபட்ட இரண்டை எடுத்துக்கொண்டு ஒற்றுமை தேடுவார்கள். கம்பனையும் மில்டனையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்தவர்கள் உண்டு. இந்த ஆய்வோ ஒன்றையே இரண்டாக வைத்துக்கொண்டு வேற்றுமை தேடுவது. ஆகவே, முன்னதைவிடக் கடினமானது. உதவித்தொகை கிடைக்காததற்கும் அதுவே காரணம்.

ஆய்வுப் பொருள் என்விடியாவின் இரு கிராபிக்ஸ் கார்டுகள். 2007 அக்டோபரில் வந்தது ஜீஃபோர்ஸ் 8800 ஜிடி. 2008 ஜூலையில் வந்தது 9800 ஜிடி. எட்டு ஒன்பதாக ஒன்பது மாதம் பிடித்திருப்பது தற்செயலா என்பது தனி ஆய்வுக்குரியது.

முதலில் மூலபாட ஆராய்ச்சி. முன்னதில் ஜி92 சிப், பின்னதிலும் அதுவே. ஷேடர்கள் 112, அங்கும் 112. சிப்பின் வேகம் 600 மெகாஹெர்ட்ஸ், ஷேடரின் வேகம் 1500, நினைவகப் பாதை 256 பிட், நொடிக்கு 57.6 ஜிகாபைட், மின்தேவை 105 வாட்: எதிலும் பாடபேதம் இல்லை. ஏடு பெயர்த்து எழுதியவர்களில் இத்தனை பிழையற்ற கை எவருக்கும் வாய்த்ததில்லை.

அற்றேல் வேற்றுமை யாது எனின், ஒரு சாரார் நானோமீட்டரைக் காட்டுவர். 8800 ஜிடியின் சிப் 65 நானோமீட்டர் முறையில் செய்யப்பட்டது. 9800 ஜிடியில் வருவது 55 என்பது அவர்கள் கட்சி. அது பொருந்தாது. 9800 என்ற பெயரோடே 65 நானோமீட்டர் சிப்புகளும் விற்றன. எந்த சிப் உள்ளே இருக்கிறது என்று அட்டைப்பெட்டி சொல்லாது. ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்த பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு வாரண்டி இருக்காது.

பிறிதொரு சாரார் ஹைப்ரிட்பவர் என்பர். இக்கட்சியில் சாரம் உண்டு. அதற்கேற்ற மதர்போர்டில் சில 9800 ஜிடி கார்டுகளைச் செருகினால், வேலை இல்லாத நேரத்தில் கார்டு தன்னை அணைத்துக்கொள்ளும். படம் காட்டும் பொறுப்பு மதர்போர்டுக்குப் போய்விடும். அதாவது, புதிய தலைமுறை கற்றுக்கொண்ட ஒரே புதிய வித்தை வேலை செய்யாமலிருப்பது. இதைக் குறையாக எழுதுவது மரபன்று.

அடுத்து, கள ஆய்வு. பழைய கார்டுகள் இரண்டும் என் மேசையில் கிடந்தன. 8800 ஜிடியின் ஒல்லியான உறையைத் திறந்தால், தகடுகளின் இடுக்கில் தூசு கம்பளமாய்ப் படிந்திருந்தது. முழு வேலை கொடுத்தால் 90 டிகிரி செல்சியஸைத் தொடும் என்று பேர்வாங்கிய கார்டு இது. 9800 ஜிடியின் விசிறி பெரியது, தூசும் அதிகம். விசிறி கார்டு செய்த நிறுவனத்தின் தேர்வு. தூசு என் வீட்டுடையது. எனவே இரண்டும் சான்றாகா. மின்சாரம் ஏற்கும் ஆறு ஊசிச் செருகி இரண்டிலும் ஒரே மூலையில் இருந்தது. சிகிச்சையும் ஒன்றே: திரை கோடு கோடாகத் தெரிந்து கார்டு கண்ணை மூடினால், அதைக் கழற்றி ஓவனில் வைத்துச் சுட்டவர்கள் உலகெங்கும் இருந்தனர். சில காலம் பிழைக்கும்.

எஞ்சுவது எண். பெரிய எண்ணே உயர்ந்தது என்பது கடைக்காரர்கள், மைத்துனர்கள் ஆகியோர் ஒருங்கே ஏற்கும் கொள்கை. இதற்கு மறுப்பு 9800 ஜிடியின் பசுமைப் பதிப்பு. அதில் ஆறு ஊசிச் செருகி கிடையாது. மதர்போர்டு தரும் மின்சாரமே போதும். அதற்காகச் சிப்பின் வேகத்தை 550-க்கு இறக்கிவிட்டார்கள். பிறகு வந்த 9800 முன்பு வந்த 8800-க்குப் பின்னால் ஓடுகிறது.

எண் கொள்கையினர் இதை விதிவிலக்கென்று தள்ளலாம். ஆனால் அதே ஜி92 குடும்பத்தைச் சேர்ந்த 9800 ஜிடிஎக்ஸ் பிளஸ், 2009 மார்ச்சில் மறுபடி பெயர் மாற்றிக்கொண்டு வந்தது. புதுப் பெயர் ஜிடிஎஸ் 250. ஒன்பதாயிரத்து எண்ணூறிலிருந்து இருநூற்றைம்பதுக்கு இறங்கியது எப்படி உயர்வாகும் என்று மைத்துனரைக் கேட்டிருக்கிறேன். விடை வந்ததும் இரண்டாம் பாகம் வெளிவரும்.