இரண்டுக்கும் காசு கட்டியவன்

நெட்டுக்கு மாதம் இரண்டு பில் கட்டுகிற வீடு எங்களுடையது. சுவரைத் துளைத்துக்கொண்டு வந்த ஃபைபர் ஒன்று. அந்த ரௌட்டரிலிருந்து லேன் ஒயர் என் லேப்டாப்புக்குப் போகிறது. இன்னொன்று என் போனின் ஹாட்ஸ்பாட். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வீட்டிலிருந்தே ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதுகிறவனுக்கு ஒன்று போதாதா என்றால், போதும். ஆனால் கரண்ட் போனால் ரௌட்டரும் போகுமே? அந்த பயத்துக்குத்தான் இரண்டாவது பில்.

கட்டிய பிறகு புத்தி சும்மா இருக்கவில்லை. இரண்டும் சேர்ந்து உழைத்தால் வேகம் இரட்டிப்பாகுமே! எங்கள் வீட்டில் மிச்சம் விழுந்த சாம்பாருக்கே ஓய்வு கிடையாது, ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும் என்ன? ஒயரைச் செருகி, வைஃபையையும் போட்டுவிட்டுப் பார்த்தேன். வேகம் பழைய வேகமே.

மகள் கறுப்புத் திரையைத் திறந்து 'ரூட் பிரின்ட்' என்று தட்டினாள். வெளியுலகுக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒயர் வழியின் ஓரத்தில் 25, வைஃபை வழியின் ஓரத்தில் 50.

"அதுதான் மெட்ரிக். வழிச்செலவுன்னு வெச்சுக்கோ. நம்பர் எதுல கம்மியோ அதுலதான் விண்டோஸ் அனுப்பும்."

"ரெண்டுலயும் பாதிப் பாதி அனுப்பினா என்ன?"

"அப்பா, நம்ம டோல்கேட்டை நெனச்சுப் பாரு. ஆம்பூர்ல லோடு ஏத்தின லாரி ஹைவேயிலயும் மெட்ராஸ் போலாம், குடியாத்தம், காட்பாடின்னு சுத்தியும் போலாம். ஒரே லாரி ரெண்டு ரோட்லயும் போவுமா?"

"அப்போ இன்னொரு ரோடு?"

"சும்மா கெடக்கும்."

"அதுக்கும் நான் காசு கட்டறேனே!"

"டோல்கேட்ல போய்ச் சொல்லு."

இந்த எண்களை இணைப்பின் வேகத்தைப் பார்த்து விண்டோஸே போட்டுக்கொள்கிறது. பிடிக்கவில்லையென்றால் செட்டிங்கில் நாமே மாற்றலாம். நான் மாற்றினேன். இப்போது ஒயர் சும்மா கிடந்தது. எனக்கு எப்படியும் ஒரு பில் வீண் என்று பழையபடியே மாற்றிவைத்தேன்.

ஒரே லோடைப் பிரித்து இரு வழியிலும் அனுப்பும் வித்தை இல்லாமல் இல்லை. மல்டிபாத் டிசிபி என்று பெயர். ஆப்பிள் 2013-லேயே 'சிரி' என்ற தன் குரல் உதவியாளருக்கு அதைக் கொடுத்துவிட்டது. ஆனால் அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் இருவருமே அதற்குச் சம்மதிக்க வேண்டும். எங்கள் வீட்டில் எதற்கும் இருவர் சம்மதித்ததாக எனக்கு நினைவில்லை. இன்னொரு வழியும் உண்டு. பிரின்டருக்கென்று தனி வைஃபை இருந்தால், நெட் ஒயரிலும் இன்வாய்ஸ் வைஃபையிலுமாக இரண்டும் ஒரே நேரத்தில் மெய்யாகவே உழைக்குமாம். இருப்பதில் மலிவு எது என்று கேட்டு நான் வாங்கிய பிரின்டரில் வைஃபையே கிடையாது.

ஒயர்தான் உசத்தி என்று என் மனைவி சொல்வாள். 1971-ல் ஹவாய்த் தீவுகளில் ரேடியோ வழியே கம்ப்யூட்டர்களை இணைத்த அலோஹாநெட்டிலிருந்து பாடம் படித்துத்தான் 1973-ல் பாப் மெட்காஃப் ஈதர்நெட்டை யோசித்தார், ஒயருக்கே குரு காற்றுதான் என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும், பால் பொங்குது பாருங்க" என்றாள்.

இரண்டாவது பில்லுக்கு வேலை வந்தது ஒரு மாலையில். ஜெர்மன் பையரோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது கரண்ட் கட். ஒயர் செத்ததும் லேப்டாப் தானாக ஹாட்ஸ்பாட்டுக்குத் தாவியது. நெட் என்னவோ இருந்தது, பையரைக் காணோம். வழி மாறினால் நம் ஐபி முகவரியும் மாறிவிடும். பழைய முகவரியில் நடந்த பேச்சு அறுந்து, புதிதாகச் சேர்ந்தாக வேண்டும். சேர்ந்து பார்த்தால் பேச்சு தோலின் நிறத்துக்குப் போயிருந்தது. போனது என்ன கேள்வி தெரியுமா? "சாம்பிள் எப்போது அனுப்புவீர்கள்?"

அந்த ஹாட்ஸ்பாட் பில்லை இப்போது முணுமுணுக்காமல் கட்டுகிறேன். நேற்றும் சாம்பிள் தேதியைக் கேட்டார்கள். கரண்ட் நன்றாகத்தான் இருந்தது. லேன் ஒயர் மட்டும் எப்படியோ கழன்றுகொண்டது.